அமெரிக்கச் சாலைகளில் துப்பாக்கியைச் சட்டப்படி காரில் எடுத்துச் செல்லும் முறை

அமெரிக்காவில் குடியேறிய தமிழர்களில் மான் வேட்டைக்கும் குறி சுடும் போட்டிகளுக்கும் போகிறவர்கள் உண்டு. முறைப்படி வாங்கிய துப்பாக்கியை வீட்டுப் பெட்டகத்தில் பத்திரமாக வைத்திருக்கும் அவர்களுக்குச் சிக்கல் தொடங்குவது பெரும்பாலும் காரை எடுக்கும்போதுதான். பென்சில்வேனியாவில் எந்தக் குற்றமும் இல்லாத ஒரு பொருள், டெலவர் ஆற்றுப் பாலத்தைக் கடந்து நியூ ஜெர்சிக்குள் நுழைந்த நொடியில் ஆண்டுக்கணக்கில் சிறை வாங்கித் தரக்கூடியதாகிவிடுகிறது. ஓட்டுநர் உரிமம் ஐம்பது மாநிலங்களிலும் செல்வதைப் போலத் துப்பாக்கிக்கான பெர்மிட்டும் செல்லும் என்று நினைத்துக்கொண்டு போய் மாட்டிக்கொண்டவர்கள் பலர். ஆகவே இங்கே சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் அடிப்படையான விதி ஒன்றுதான்: உங்கள் வழியில் வரும் மாநிலங்களில் மிகக் கடுமையான மாநிலம் எதுவோ, அதன் காவலர் எந்த இடத்தில் உங்கள் காரைத் திறந்து பார்த்தாலும் குறை காண முடியாதபடி, புறப்படும் இடத்திலேயே எல்லாவற்றையும் அடுக்கி முடித்துவிட வேண்டும். எல்லை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

யாருக்கு இந்த உரிமை உண்டு

பெட்டி, பூட்டு பற்றிப் பேசுவதற்கு முன்னால் விசா பற்றிப் பேசியாக வேண்டும். நம்மவர்களுக்கு இதைவிட முக்கியமானது வேறில்லை. எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4, சுற்றுலா விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற ஒருசில விலக்குகள் மட்டுமே உண்டு. இந்தத் தடையை மீறுவதற்கான அதிகபட்சத் தண்டனை 2022-இல் 15 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. பச்சை அட்டை பெற்றவர்களுக்குத் துப்பாக்கி வைத்திருக்க உரிமை உண்டு. ஆனால் அவர்களும் குடியுரிமை இல்லாதவர்களே என்பதால், துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் அதையே காரணமாக வைத்து நாட்டை விட்டு வெளியேற்றக் குடியேற்றச் சட்டம் இடம் தருகிறது. குடிமகனாகப் பிறந்தவருக்கு அபராதத்தோடு முடிகிற தவறு, பச்சை அட்டைக்காரருக்கு இருபது ஆண்டு வாழ்க்கையையே கலைத்துப் போடலாம்.

இதன் தொடர்ச்சியாக, காரில் உங்களோடு யார் வருகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். நியூயார்க், நியூ ஜெர்சி ஆகிய மாநிலங்களின் சட்டத்தில், காரில் ஒரு துப்பாக்கி கிடைத்தால் அதில் பயணம் செய்த அனைவரும் அதை வைத்திருந்ததாக முதற்கட்டமாக அனுமானிக்க இடம் இருக்கிறது. அதற்கு விலக்குகளும் உண்டு, நீதிமன்றத்தில் மறுக்கவும் முடியும். ஆனால் அதற்குள் கைதும், கைரேகையும், வழக்குப் பதிவும் நடந்து முடிந்துவிடும். எச்-1பி விசாவில் இருக்கும் நண்பரையோ, ஊரிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோரையோ ஏற்றிக்கொண்டு போகும் பயணத்தில் துப்பாக்கியையும் சேர்த்து எடுத்துச் செல்வது அவர்களுக்கு நீங்கள் செய்யும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன். துப்பாக்கி போகிற பயணத்தில், அதை வைத்திருக்கும் உரிமை உள்ளவர்கள் மட்டும் போவது நல்லது. அப்படி முடியாவிட்டால், காரில் அது இருக்கிறது என்பதையாவது உடன் வருபவரிடம் புறப்படுவதற்கு முன் சொல்லி, வரலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வாய்ப்பை அவருக்குத் தர வேண்டும்.

1986-ஆம் ஆண்டுச் சட்டம் என்ன தருகிறது

மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களுக்குக் கைகொடுப்பது 1986-இல் இயற்றப்பட்ட துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம். கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 18-ஆம் தலைப்பில் 926ஏ என்ற பிரிவாக அது இடம்பெற்றிருக்கிறது. புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் உடன் எடுத்துச் செல்லவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருந்தால், இடையில் உள்ள மாநிலங்களின் சட்டம் என்ன சொன்னாலும் அவற்றின் வழியாக அதைக் கொண்டு செல்லலாம் என்கிறது அந்தப் பிரிவு. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியோ தோட்டாவோ பயணிகள் அமர்ந்திருக்கும் பகுதியிலிருந்து கைக்கு எட்டும்படி இருக்கக் கூடாது. தனி டிக்கி இல்லாத வாகனமாக இருந்தால் இரண்டும் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். கிளவ் பாக்ஸும், முன் இருக்கைகளுக்கு நடுவே உள்ள கன்சோலும் பூட்டு போட்டிருந்தாலும் அந்தப் பெட்டிக் கணக்கில் சேராது.

இந்தப் பிரிவைப் பலர் ஒரு கேடயமாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது வழக்கு மன்றத்தில் எடுத்து வைக்கும் வாதமாகத்தான் பெரும்பாலும் பயன்பட்டிருக்கிறது. நியூயார்க், நியூ ஜெர்சி பகுதியில் முதலில் கைது செய்துவிட்டு, 926ஏ பொருந்துமா என்பதை நீதிபதியிடம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று விடுவது நடந்திருக்கிறது. அப்படிப் பாதிக்கப்பட்ட பயணிகள் அந்தப் பிரிவின் அடிப்படையில் இழப்பீடு கேட்டுத் தொடர்ந்த வழக்கை, நியூயார்க்கை உள்ளடக்கிய இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் ஏற்கவில்லை. எனவே சட்டம் துணைக்கு இருக்கிறது என்ற தைரியத்தில் அதன் விளிம்பில் நடக்காமல், அது கேட்பதைவிட ஒருபடி அதிகமாகவே செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வழக்குகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. 2005-இல் யூட்டா மாநிலத்தவர் ஒருவர், விமான நிறுவனத்திடம் முறைப்படி அறிவித்துவிட்டு, பூட்டிய பெட்டியில் துப்பாக்கியுடன் பென்சில்வேனியாவுக்குப் புறப்பட்டார். நியூவர்க் விமான நிலையத்தில் அடுத்த விமானத்தைத் தவற விட்டதால், பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு அருகிலிருந்த விடுதியில் இரவைக் கழித்தார். மறுநாள் காலை விமான நிலையத்துக்குத் திரும்பி, பெட்டிக்குள் துப்பாக்கி இருக்கிறது என்று நேர்மையாகச் சொன்னதும் கைது செய்யப்பட்டுச் சில நாள் சிறையில் இருந்தார். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. அவர் இழப்பீடு கேட்டுப் போனபோது, விடுதியில் இருந்த அந்த இரவில் துப்பாக்கி அவர் கைக்கு எட்டும் நிலையில் இருந்ததால் 926ஏ அவரைக் காக்காது என்று நியூ ஜெர்சியை உள்ளடக்கிய மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. தாமதம் அவருடைய தவறு இல்லை என்பதை நீதிமன்றமும் அறிந்திருந்தது. ஆனாலும் சட்டத்தின் சொற்கள் அவருக்கு உதவவில்லை.

இரண்டாவது, 2013 அக்டோபரில் நியூ ஜெர்சியில் நடந்தது. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஓர் இளம் தாய், பென்சில்வேனியா வழங்கிய பெர்மிட்டுடன் காரில் போய்க்கொண்டிருந்தபோது, தடம் மாறியதற்காக நிறுத்தப்பட்டார். தன்னிடம் பெர்மிட்டும் துப்பாக்கியும் இருப்பதைத் தானாகவே காவலரிடம் சொன்னார். பென்சில்வேனியா பெர்மிட் நியூ ஜெர்சியில் செல்லாது என்பது அவருக்குத் தெரியவில்லை. குறைந்தது மூன்றாண்டு கட்டாயச் சிறை என்ற நிலை வரை வழக்கு போனது. கடைசியில் 2015-இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி பொதுமன்னிப்பு வழங்கினார். அவர் துப்பாக்கியை மறைக்கவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை. ஒரு பாலத்துக்கு அப்பால் சட்டம் வேறு என்பது மட்டுமே தெரியாமல் இருந்தது.

எந்தக் கார், எந்த இடம்

செடான் வகைக் காரில் தனி டிக்கி இருப்பதால் வேலை எளிது. ஆனால் இன்றைய செடான்கள் பலவற்றில் பின் இருக்கையின் முதுகை மடித்தால் டிக்கிக்குள் கை நுழையும். பயணிகள் பகுதியிலிருந்து நேரே எட்ட முடிகிறது என்று ஒரு காவலர் வாதிட அந்த ஒரு வழியே போதும். ஆகவே டிக்கி இருந்தாலும் பூட்டிய பெட்டிக்குள் வைத்துத்தான் டிக்கியில் வைக்க வேண்டும்.

நம்மவர் வீடுகளில் அதிகம் காண்பது சியென்னா, ஒடிஸி போன்ற மினிவேன்களும் எஸ்யூவிகளும்தான். இவற்றின் பின்பகுதி டிக்கி போலத் தோன்றினாலும் சட்டப்படி அது பயணிகள் பகுதியின் தொடர்ச்சியே. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளை திரும்பிக் கையை நீட்டினால் அங்கே இருக்கும் எல்லாவற்றையும் தொட்டுவிடும். இங்கே பூட்டிய பெட்டி கட்டாயம். துப்பாக்கிப் பெட்டியைச் சரக்குப் பகுதியின் கடைசியில், பின்கதவை ஒட்டிக் கீழே வைத்து, அதன் மேல் மற்ற சாமான்களை அடுக்கினால் உள்ளிருந்து யாரும் எட்ட முடியாது. தோட்டாப் பெட்டியும் பூட்டியதாகவே இருக்க வேண்டும். அதை இருக்கைப் பக்கம் கொண்டுவரக் கூடாது.

மின்சாரக் கார்களின் முன்பக்க டிக்கி உள்ளிருந்து எட்டாதது என்பதால் கைத்துப்பாக்கிக்கு வசதியாகத் தோன்றும். ஆனால் கைப்பேசியிலோ திரையிலோ ஒரு தொடுதலில் அது திறந்துகொள்ளும் என்பதால் அங்கேயும் தனிப் பூட்டு தேவை. பிக்கப் வண்டிக்காரர்கள் ஓட்டுநர் அறைக்குள் இருக்கையின் பின்னால் ரைபிளை மாட்டி வைக்கும் பழைய பழக்கத்தை மாநில எல்லை தாண்டும்போது விட்டுவிட வேண்டும். கண்ணாடி வழியாக ஊருக்கே தெரியும்படி துப்பாக்கியை மாட்டி வைப்பது இன்றைய சாலைகளில் திருடனுக்குக் கொடுக்கும் அழைப்பு.

அடுக்கும் முறை

புறப்படும் நாளில் இதற்கென்று தனி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகள் ஷூ தேடிக்கொண்டிருக்கும் பரபரப்பில் செய்யும் வேலை அல்ல இது. குழலைப் பாதுகாப்பான திசையில் நீட்டி, விசையில் விரல் படாமல், முதலில் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் கூடான மேகசினைக் கழற்றுங்கள். அதன் பிறகே தோட்டா ஏறும் வாயை மூடியிருக்கும் ஸ்லைடையோ போல்ட்டையோ பின்னால் இழுத்துத் திறந்த நிலையில் நிறுத்துங்கள். இந்த வரிசை மாறினால், குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையான சேம்பரிலிருந்து ஒரு தோட்டாவை வெளியே எடுத்த கையோடு மேகசினிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும். பிறகு வெளிச்சத்தில் சேம்பருக்குள் பாருங்கள். பார்த்த பிறகு சுண்டு விரலை உள்ளே விட்டுத் தடவியும் பாருங்கள். கண் ஏமாறுகிற இடத்தில் விரல் ஏமாறாது. குழலுக்குக் கீழே குழாய் வடிவ மேகசின் உள்ள ஷாட்கன்களிலும் லீவர் ரைபிள்களிலும் அந்தக் குழாயையும் காலி செய்ய வேண்டும். துப்பாக்கியில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதற்கு ஒவ்வொரு மாநிலச் சட்டமும் ஒவ்வொரு விளக்கம் தருகிறது. தோட்டா நிரப்பிய மேகசின் கழற்றிய நிலையில் பக்கத்திலேயே கிடந்தாலும் சில மாநிலங்களில் பிரச்சினை வரும். ஆகவே மேகசின்களிலிருந்தும் தோட்டாக்களை எடுத்துவிடுவதே நல்லது.

காலியான துப்பாக்கியின் திறந்த சேம்பர் வழியாகக் கேபிள் பூட்டைக் கோத்துப் பூட்டுங்கள். புதிதாக வாங்கும் துப்பாக்கிகளோடு பெரும்பாலும் இந்தப் பூட்டு பெட்டியிலேயே வரும். பலர் அதைப் பிரிக்காமலேயே அலமாரியில் போட்டு வைத்திருப்பார்கள். அடுத்தது, உள்ளே இருப்பது தெரியாத கடினமான பெட்டி. மூடியின் ஒரு முனையில் மட்டும் பூட்டு போட்டால் மறுமுனையை நெம்பித் திறக்க முடியும் என்பதால், துளைகள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனையிலும் பூட்டு போடுங்கள். பூட்டிய பிறகு மூடியின் ஓரத்தில் விரலை நுழைத்துப் பாருங்கள். துப்பாக்கியைத் தொடும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால் அந்தப் பெட்டி உதவாது. பூட்டிய பெட்டியையும் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம் என்பதால், எஃகுக் கம்பிவடத்தைப் பெட்டியின் கைப்பிடி வழியாகக் கோத்து, காரின் தரையில் சாமான் கட்டுவதற்காக உள்ள உலோக வளையத்தோடு இணைத்துவிடுங்கள்.

தோட்டாக்களைக் கடையில் வாங்கிய அட்டைப் பெட்டியிலேயே வைத்து, வேறொரு பூட்டிய பெட்டியில் போடுங்கள். இரண்டும் டிக்கியில்தான் இருக்கும் என்றாலும் தனித்தனியாக இருப்பது, பார்க்கும் காவலருக்கு உங்கள் நோக்கத்தை ஒரு பார்வையில் சொல்லிவிடும். கோடைக் காலத்தில் பல நாள் தோட்டாப் பெட்டியைக் காரிலேயே விட்டு வைக்காதீர்கள். குளிர்ந்த, ஈரமில்லாத இடமே அதற்கு ஏற்றது.

என்ன எடுத்துச் செல்லக் கூடாது என்பதையும் இந்த நேரத்திலேயே முடிவு செய்ய வேண்டும். 926ஏ பிரிவு துப்பாக்கி என்றும் தோட்டா என்றும்தான் பேசுகிறதே தவிர, மேகசின் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட், மாசசூசெட்ஸ், கலிபோர்னியா ஆகிய மாநிலங்களில் பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசின்களுக்குத் தடையோ கடும் கட்டுப்பாடோ இருக்கிறது. அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். முனை குழிந்த ஹாலோ பாயிண்ட் தோட்டாக்களை நியூ ஜெர்சி வீடு, வேட்டை, பயிற்சிக் களம் போன்ற சில இடங்களுக்கு மட்டுமே அனுமதிக்கிறது என்பதால், அந்த வழியாகப் போகிறவர்கள் சாதாரணத் தோட்டாவையே கொண்டு செல்வது நல்லது. குட்டைக் குழல் ரைபிள், குட்டைக் குழல் ஷாட்கன் போன்று தனிப் பதிவு தேவைப்படும் வகைகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு போவதற்கு, கூட்டாட்சி அரசின் துப்பாக்கித் துறைக்கு 5320.20 என்ற படிவத்தை அனுப்பி முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும்.

பிறர் கண்ணில் படாமல்

துப்பாக்கியைப் பிறர் அறியாமல் கொண்டு செல்வது என்றால் காவலரிடமிருந்து மறைப்பது என்று சிலர் எண்ணுகிறார்கள். நான் சொல்வது அதுவல்ல. கார்க் கதவுகளின் உள்பலகைக்குப் பின்னாலும் இருக்கைக்கு அடியிலும் இரகசிய அறை செய்து வைப்பது, சட்டப்படி கொண்டு போகும் ஒருவருடைய வேலையல்ல. சில மாநிலங்களில் அத்தகைய அறை இருப்பதே குற்றமாகிவிடும். நம்முடைய கவலையெல்லாம் திருடனைப் பற்றியது. இந்த நாட்டில் களவு போகும் துப்பாக்கிகளில் பெரும்பங்கு நிறுத்தி வைத்த வாகனங்களிலிருந்து போகிறது. அப்படிப் போன துப்பாக்கி அடுத்து யார் கையில், எந்தத் தெருவில் வெளிப்படும் என்று சொல்ல முடியாது. பூட்டாமல் விட்ட ஒருவருடைய அலட்சியத்துக்கு முன்பின் தெரியாத ஒரு குடும்பம் விலை கொடுக்கிறது. இதை நினைத்துத்தான் நான் இந்தப் பகுதியில் கண்டிப்பாக இருக்கிறேன்.

பெட்டியைக் காரில் ஏற்றுவது உங்கள் வீட்டுக் கராஜுக்குள், கதவு மூடியிருக்கும்போது நடக்கட்டும். துப்பாக்கி நிறுவனத்தின் பெயர் பொறித்த பெட்டியை விட, இசைக்கருவியோ அளவைக் கருவியோ வைக்கும் பெட்டி போன்று பெயரில்லாத பெட்டி நல்லது. காரின் பின்கண்ணாடியில் துப்பாக்கிக் கம்பெனி, வேட்டைச் சங்கம் ஆகியவற்றின் ஸ்டிக்கர்களை ஒட்டியிருந்தால் கிழித்துவிடுங்கள். வாகன நிறுத்துமிடங்களில் திருடர்கள் படித்துக்கொண்டு போவது அவற்றைத்தான். உணவகத்தில் காரை நிறுத்திய பிறகு, முன்னாலிருந்த பொருளை எடுத்துக்கொண்டு போய் டிக்கியில் வைப்பதை யாரும் பார்க்கும்படி செய்யக் கூடாது. டிக்கியில் வைக்க வேண்டியதைப் புறப்படுவதற்கு முன்பே வைத்திருக்க வேண்டும்.

ஆளில்லாத காரில் துப்பாக்கியை விடுவது பற்றி மாநிலங்கள் தனியே சட்டம் இயற்றி வருகின்றன. கலிபோர்னியாவில் கைத்துப்பாக்கியைப் பூட்டிய டிக்கியிலோ, வெளியிலிருந்து பார்வைக்குப் படாத பூட்டிய பெட்டியிலோதான் விட்டுச் செல்ல முடியும். நியூயார்க்கில் 2022 முதல் தோட்டாவை நீக்கி, வெளியிலிருந்து தெரியாத பூட்டிய பெட்டகத்தில் வைக்க வேண்டும். கொலராடோவில் 2025 ஜனவரி முதல் இதே போன்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வேலட் பார்க்கிங்கில் சாவியைக் கொடுப்பதும், மெக்கானிக்கிடம் காரை விடுவதும் துப்பாக்கி உள்ளே இருக்கும் நாட்களில் கூடவே கூடாது. அலுவலக வாகன நிறுத்துமிடத்துக்கு நிறுவனம் தனி விதி வைத்திருக்கும். வேலை முடிந்ததும் நேரே பயிற்சிக் களத்துக்குப் போகலாம் என்று காலையிலேயே எடுத்து வைப்பதற்கு முன் அந்த விதியைப் படித்துவிடுங்கள்.

வழியும் தங்கலும்

ஹாரிஸ்பர்க் பக்கத்திலிருந்து நியூ ஹாம்ப்ஷர் வரை வேட்டைக்குப் போகிறவரை எடுத்துக்கொள்வோம். புறப்படும் மாநிலமும் சேரும் மாநிலமும் துப்பாக்கிச் சட்டத்தில் இளகியவை; இடையில் இருப்பவை இறுக்கமானவை. வரைபடச் செயலி பல நேரம் நியூ ஜெர்சியையும் நியூயார்க் நகரச் சுற்றுவட்டாரத்தையும் ஊடுருவித்தான் வழி காட்டும். ஆனால் 81-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஸ்க்ரான்டன் வரை போய், அங்கே 84-ஐப் பிடித்து நியூபர்கில் ஹட்சனைக் கடந்தால், நியூ ஜெர்சிக்கும் நியூயார்க் நகரத்துக்கும் போக வேண்டியதே இல்லை. நியூயார்க் மாநிலத்தின் ஒரு பகுதியும் கனெக்டிகட்டும் மாசசூசெட்ஸும் இந்த வழியில் தவிர்க்க முடியாதவை என்றாலும் மிகச் சிக்கலான இரண்டு இடங்கள் வழியிலிருந்து நீங்கிவிடுகின்றன. சற்றுக் கூடுதலாக ஓட்ட வேண்டி வந்தாலும் அந்த வழியையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

பெட்ரோல் போடுவது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது ஆகியவற்றைப் பயணத்தின் பகுதியாகவே கொள்ளலாம். ஆனால் வழியில் உள்ள இறுக்கமான மாநிலத்தில் இரவு தங்குவதும், சித்தப்பா வீட்டில் இறங்கி இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவதும், ஊர் சுற்றிப் பார்ப்பதும் பயணத்தை உடைத்துவிடும். அப்போது 926ஏ துணைக்கு வராது. நியூவர்க் விடுதியில் ஒரே ஓர் இரவு தங்கியவருக்கு நேர்ந்ததை மேலே பார்த்தோம். தூங்கித்தான் ஆக வேண்டும் என்றால், இளகிய மாநிலத்தின் எல்லைக்குள்ளேயே தங்கிவிட்டு, விடியற்காலையில் புறப்பட்டு இறுக்கமான மாநிலங்களை ஒரே மூச்சில் கடந்துவிடும்படி நேரத்தைத் திட்டமிடுங்கள். சேரும் இடத்தில் உரிமை இருப்பதற்கான சான்றுகளை, அதாவது வேட்டை உரிமம், போட்டிக்குப் பெயர் பதிவு செய்த தாள், பெர்மிட் ஆகியவற்றை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால், கைது நேரத்தில் முதலில் பறிபோவது கைப்பேசிதான்.

சொந்த மாநிலத்துக்குள்ளேயே ஓட்டுவதாக இருந்தாலும் விதி இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பென்சில்வேனியாவில் மறைத்து எடுத்துச் செல்லும் பெர்மிட் இல்லாதவர், கைத்துப்பாக்கியைக் காலி செய்து உறையிலிட்டு, பயிற்சிக் களம், பழுது பார்க்கும் கடை போன்று சட்டம் பட்டியலிட்ட இடங்களுக்கு மட்டுமே கொண்டு போக முடியும். தோட்டா நிரப்பிய ரைபிளையோ ஷாட்கன்னையோ காரில் வைத்திருப்பதும் அங்கே பொதுவாகத் தடை செய்யப்பட்டதே.

பள்ளிகளைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. எந்த ஊர் வழியாகப் போனாலும் அந்த வட்டங்களைத் தொடாமல் ஓட்ட முடியாது. ஆனால் தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் அந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. மேலே சொன்னபடி அடுக்கியவர் இதை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. எனினும் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் பயிற்சிக் களத்துக்குப் போகும் திட்டம் வேண்டாம். பள்ளி வளாகத்துக்குள் நுழைவதற்கு மாநிலச் சட்டம் தனியாகக் குறுக்கே நிற்கும். அஞ்சல் அலுவலகத்தின் வாகன நிறுத்துமிடத்துக்கும் தடை விதி இருக்கிறது. அதை எதிர்த்து வழக்குகள் நடந்துள்ளன என்றாலும், ஒரு தபால்தலைக்காக அந்த வழக்கில் நீங்களும் சேர வேண்டியதில்லை. இராணுவ முகாம்களுக்கும் பழங்குடியினரின் தன்னாட்சி நிலங்களுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு.

காவலர் நிறுத்தினால்

காரை ஓரங்கட்டி, இயந்திரத்தை அணைத்து, இருட்டாக இருந்தால் உள்விளக்கைப் போட்டு, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வையுங்கள். பதிவுச் சான்றையும் காப்பீட்டு அட்டையையும் துப்பாக்கி இருக்கும் இடத்துக்கு அருகில் வைத்திருக்கவே கூடாது. மறைத்து எடுத்துச் செல்லும் பெர்மிட்டோடு துப்பாக்கியை உடன் வைத்திருப்பவர், காவலர் கேட்பதற்கு முன்பே அதைத் தெரிவிக்க வேண்டும் என்று மிச்சிகன், வட கரோலினா போன்ற மாநிலங்கள் விதித்திருக்கின்றன. வேறு மாநிலங்களில் கேட்டால் சொன்னால் போதும். உங்கள் வழியில் உள்ள ஒவ்வொரு மாநிலத்திலும் இது எப்படி என்பதை அந்தந்த மாநிலக் காவல்துறையின் தளத்தில் புறப்படுவதற்கு முந்தின வாரம் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டால் பொய் சொல்லாதீர்கள். அமைதியாக, முழு வாக்கியமாக, "டிக்கியில் பூட்டிய பெட்டியில் தோட்டா இல்லாத ரைபிள் இருக்கிறது" என்று சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் "துப்பாக்கி" என்ற சொல்லை மட்டும் உரக்கச் சொல்வது எதிரில் இருப்பவரைத் திடுக்கிட வைக்கும். காட்டுவதற்காக நீங்களாகக் கையை நீட்டவோ இறங்கவோ வேண்டாம். காரைச் சோதிக்க ஒப்புதல் கேட்டால் தர மறுக்க உங்களுக்கு அரசியலமைப்பு உரிமை உண்டு. மரியாதையாக ஒருமுறை சொன்னால் போதும். மறுத்தும் சோதித்தால் தடுக்காதீர்கள். அதன் சரி தவறை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். குடியுரிமை இல்லாதவர் கைது செய்யப்பட்டால், குற்றவியல் வழக்கறிஞரோடு குடியேற்ற வழக்கறிஞரையும் கலந்து பேசாமல் எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. சிறை இல்லாமல் முடிகிறதே என்று ஏற்றுக்கொண்ட சிறு குற்றமே பின்னால் நாடு கடத்தலுக்கு ஆதாரமாகலாம்.

டொரண்டோ பயணம்

நியூ ஜெர்சியிலிருந்தும் மிச்சிகனிலிருந்தும் ஸ்கார்பரோவில் இருக்கும் உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குக் காரில் போவது நமக்குச் சாதாரணம். அந்தப் பயணத்தில் துப்பாக்கிக்கு இடமே இல்லை. 926ஏ எல்லையோடு முடிந்துவிடுகிறது. கனடாவுக்குள் வேட்டை ரைபிள் கொண்டு போக விரும்புகிறவர், எல்லையில் எழுத்து மூலம் அறிவித்து, அதற்கான படிவத்தை அதிகாரி முன்னிலையில் உறுதி செய்து, கட்டணம் செலுத்த வேண்டும். 2020 மே மாதத்தில் ஏஆர்-15 ரைபிள் உட்பட ஏறக்குறைய 1,500 வகைகள் முழுவதுமாகத் தடை செய்யப்பட்டன. 2022-இலிருந்து தனிநபர் கைத்துப்பாக்கி கொண்டு வருவதும் ஏறக்குறைய நின்றுபோனது. போன மாதம் பயிற்சிக்குப் போனபோது டிக்கி ஓரத்தில் உருண்டு கிடந்த தோட்டாக்கள் எல்லைச் சோதனையில் கிடைத்தாலும் சிக்கல்தான். எனவே கனடா புறப்படுவதற்கு முந்தின நாள் காரைக் காலி செய்து, ஸ்டெப்னி டயர் இருக்கும் பள்ளத்தையும் விரிப்பின் அடியையும் தடவிப் பாருங்கள்.

திருட்டுப் போய்விட்டால்

துப்பாக்கியின் வரிசை எண், மாதிரி, வாங்கிய ரசீது ஆகியவற்றைப் படமெடுத்து வீட்டில் ஒரு படி வைத்துவிட்டே புறப்பட வேண்டும். எண் இல்லாமல் புகார் கொடுத்தால், அந்தத் துப்பாக்கி எங்காவது பிடிபடும்போது அது உங்களுடையது என்று அடையாளம் காண வழியில்லை. கார் உடைக்கப்பட்டிருப்பதைக் கண்டவுடன், வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இராமல், அந்த இடத்துக் காவல்துறையை அங்கேயே அழையுங்கள். தெரிந்துகொண்ட நேரத்திலிருந்து நியூயார்க் 24 மணி நேரமும், நியூ ஜெர்சி 36 மணி நேரமும், கனெக்டிகட் 72 மணி நேரமும், கலிபோர்னியா ஐந்து நாட்களும் கெடு வைத்திருக்கின்றன. சொந்த மாநிலத்தில் இத்தகைய கெடு இல்லை என்பது நீங்கள் களவு கொடுத்த மாநிலத்தில் எடுபடாது. புகார் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு, காரில் இருந்த தோட்டாக்களின் எண்ணிக்கையையும் அந்தப் புகாரிலேயே பதியச் செய்யுங்கள்.